ஹாலோவீன் இரவில் கதவைத் திறக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

ஆகஸ்ட் மாதம்தான் அயர்லாந்துக்கு வந்து மீத் மாவட்டத்தில் குடியேறியிருப்பதாகவும், மகள் சீனியர் இன்ஃபண்ட்ஸ் (தொடக்கப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு) வகுப்பில் சேர்ந்திருப்பதாகவும், அக்டோபர் இடைவிடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை குழந்தைகள் மாறுவேடத்தில் வர வேண்டும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய உங்கள் மாமியார், "அது பேய் பிசாசைக் கும்பிடுகிற பண்டிகை, வீட்டுக்குள் விடாதே" என்று சொல்லிவிட்டார். தெருவில் ஒருவரையும் தெரியாத நிலையில், அக்டோபர் 31ஆம் தேதி, ஹாலோவீன் இரவில், வேடமிட்ட குழந்தைகள் மிட்டாய் கேட்டு வந்து மணி அடித்தால் கதவைத் திறப்பதா, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருந்துவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கதவைத் திறவுங்கள் என்பதே என் பதில். 2006இல் செவிலியராக வந்து, அன்று முதல் இதே மாவட்டத்தின் நாவன் நகரில் இருக்கிறேன். நானும் முதல் ஆண்டு விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தவள்தான். நீங்கள் குடியேறியிருக்கும் இடத்தைச் சுற்றியே இந்தப் பண்டிகையின் பழைய தடங்கள் பல கிடப்பதால், அது எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் பெயர். 'ஹாலோ' என்பது புனிதரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். 'ஈன்' என்பது ஈவினிங் என்பதன் தேய்ந்த வடிவம். நவம்பர் 1 கத்தோலிக்கருக்குப் புனிதர் அனைவரின் பெருவிழா. அதற்கு முந்தைய மாலைதான் ஹாலோவீன். நவம்பர் 2 என்ன நாள் என்று உங்கள் மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள். கத்தோலிக்கர் வாழும் ஊர் எதையாவது அறிந்தவர் என்றால், கல்லறைத் திருநாள் என்று உடனே சொல்வார். கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வரும் இரவுதான் இது. இங்குள்ள ஆலயங்களில் நவம்பர் மாதம் முழுவதும், ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுக்க, அவற்றைப் பீடத்தில் வைத்து வேண்டிக்கொள்வார்கள். மகாளய அமாவாசைக்குப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிற வீட்டில் வளர்ந்த எனக்கு, அந்தத் தாள்களை முதன்முதலாகப் பார்த்தபோது புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.

கிறிஸ்தவத்துக்கு முன்பே இந்தத் தீவில் அதே நாளில் ஒரு திருநாள் இருந்தது. அதன் பெயர் சௌவின். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கு இன்றும் அதுவே பெயர். மலை மேய்ச்சலுக்குப் போன மாடுகள் பட்டிக்குத் திரும்பும், குளிர்காலம் முழுவதும் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாதவை அறுக்கப்படும், ஆண்டின் வெளிச்சப் பாதி முடிந்து இருட்டுப் பாதி தொடங்கும் நாள் அது. நாள் என்பது சூரியன் மறையும்போதே தொடங்குவதாக அவர்கள் எண்ணியதால், நவம்பர் 1 என்பது அக்டோபர் 31 மாலையிலேயே பிறந்துவிடும். உங்கள் மகளுக்குப் பள்ளியில் குளிர்காலம் நவம்பர் 1 அன்று தொடங்குவதாகச் சொல்லித் தருவார்கள். அதற்கும் இந்தப் பழைய கணக்கே காரணம். இரண்டு பாதிகள் சந்திக்கும் அந்த இரவில் இவ்வுலகுக்கும் மறுவுலகுக்கும் இடையிலான கதவு திறந்திருக்கும் என்று நம்பினார்கள். செத்துப்போன சொந்தங்களும் வருவார்கள், வேண்டாதவையும் வரும். சொந்தங்களுக்காக அடுப்பில் கனலை அணையாமல் விட்டு, கதவைத் தாழிடாமல், இருக்கை போட்டு வைத்துவிட்டுப் படுக்கப் போகும் வழக்கம் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. வேண்டாதவை அடையாளம் கண்டுகொள்ளாதிருக்க முகத்தில் கரி பூசி, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால், சௌவின் என்பது சாவுத் தெய்வத்தின் பெயர் என்றும், நரபலி கொடுத்தார்கள் என்றும் எழுதியிருப்பதைக் காண்பீர்கள்; உங்கள் மாமியாருக்கு வாட்ஸ்அப்பில் வந்ததும் அத்தகைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அப்படி ஒரு தெய்வமே ஐரிஷ் மரபில் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் கிளம்பிய ஒரு பிழை அது. இன்னொரு கதையையும் எல்லாரும் சொல்வார்கள்: பழைய சமயத்தாரின் பண்டிகையை விழுங்கத்தான் போப்பாண்டவர் புனிதர் விழாவை இந்த நாளில் கொண்டுவந்து வைத்தார் என்பார்கள். போப் நான்காம் கிரகோரி காலத்தில், 835இல், பிராங்கியப் பேரரசு (இன்றைய பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்த பரப்பு) முழுவதும் நவம்பர் 1 அன்று அந்த விழாவைக் கொண்டாடும் வழக்கம் வந்தது உண்மைதான். ஆனால் அதற்குச் சிறிது முன்பு அயர்லாந்தில் எழுதப்பட்ட புனிதர் நாட்காட்டி ஒன்று அந்த விழாவை ஏப்ரல் 20 அன்று குறிக்கிறது. ஐரிஷ்காரர்களே ஏப்ரலில் கொண்டாடிய விழாவை, ஐரிஷ்காரர்களின் சௌவினை மறைப்பதற்காக ரோமாபுரியிலிருந்து நவம்பருக்கு மாற்றினார்கள் என்பது எனக்கு ஒட்டவில்லை. இரண்டும் தற்செயலாக ஒரே நாளில் வந்து சேர்ந்து, பிறகு ஒன்றோடொன்று கலந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து ஆத்பாய் ஊர் தொலைவில்லை. அதன் அருகே டிலாக்ட்கா என்னும் குன்று இருக்கிறது. ஹில் ஆஃப் வார்ட் என்று பலகையில் போட்டிருக்கும். சௌவின் இரவில் நாடெங்கும் அடுப்புகளை அணைத்துவிட்டு, இந்தக் குன்றில் மூட்டிய நெருப்பிலிருந்துதான் மீண்டும் ஏற்றினார்கள் என்று 17ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி கீட்டிங் என்ற பாதிரியார் எழுதிவைத்தார். அவர் எழுதியது அந்தக் காலம் கழிந்து ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகிவிட்ட பிறகு என்பதால், அப்படியே நம்ப வேண்டியதில்லை. டாரா குன்றில் இருக்கும் 'பிணைக்கைதிகளின் மேடு' அவ்வாறல்ல. அது கண்ணால் பார்க்கக் கூடிய சான்று. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் கல்லறையின் குறுகிய வழிக்குள், நவம்பர் தொடக்கத்திலும் பிப்ரவரி தொடக்கத்திலும் காலைக் கதிர் நேராக விழும்படி கட்டியிருக்கிறார்கள். ஐரிஷ் மொழிக்காரர்களின் முன்னோர், கெல்ட்டியர் என்று நாம் சொல்பவர்கள், இங்கே வருவதற்கு நெடுங்காலம் முன்பே யாரோ இந்த நாளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ராஸ்காமன் மாவட்டத்தின் ராத்குரோகனில் பூனைக் குகை என்று ஒன்று உண்டு. சௌவின் இரவில் மறுவுலகத்தார் வெளியே வருவது அதன் வழியாகத்தான் என்று இடைக்கால ஏடுகள் சொல்கின்றன. ஒரு முட்புதரின் அடியில், முழங்காலிட்டு ஊர்ந்தால் மட்டுமே நுழையக் கூடிய ஒரு சேற்றுப் பொந்து அது. உலகப் புகழ் பெற்ற ஒரு பண்டிகையின் வாசல் என்று சொல்லி என் கணவரை அங்கே அழைத்துப் போனேன். அவருடைய காற்சட்டைச் சேறு இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.

பூசணிக்காய்க்கு வருகிறேன். 2009 அக்டோபரில் என் அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு தங்கியிருந்தார். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கண்ணும் பல்லும் வெட்டிய பூசணிக்காய்களைப் பார்த்துவிட்டு, ஒரு விளக்கமும் கேட்காமல், "இங்கேயும் திருஷ்டிப் பூசணி வைக்கிறார்களே, வெள்ளைக்காரர்களுக்கும் கண் படுமா?" என்றார். நம் ஊரில் புதிதாகக் கட்டும் வீட்டு முகப்பில், உருட்டு விழியும் மீசையும் கோரைப் பல்லும் வரைந்து தொங்கவிடுகிற பூசணிக்காயை நினைத்துத்தான் சொன்னார். நான் அதுவரை படித்திருந்த எல்லா விளக்கங்களையும் விட அது சுருக்கமாகவும் சரியாகவும் இருந்தது. கெட்டது வாசலைத் தாண்டாமலிருக்க அதைவிடக் கோரமான முகத்தை வாசலில் வைப்பது என்னும் யோசனை இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். நம்முடையது சாம்பல் பூசணி, இவர்களுடையது பறங்கி என்பதும், நாம் நடுத்தெருவில் போட்டு உடைக்கிறோம், இவர்கள் உள்ளே விளக்கு வைக்கிறார்கள் என்பதுமே வேறுபாடு.

அந்தப் பறங்கிகூட அயர்லாந்துக்குச் சொந்தமில்லை. அது அமெரிக்கக் கண்டத்துக் காய். இங்கே குடைந்தது டர்னிப் என்னும் கிழங்கை. மேயோ மாவட்டத்தில் காசல்பார் அருகே டர்லோ பார்க்கில் தேசிய அருங்காட்சியகத்தின் கிராம வாழ்க்கைப் பிரிவு இருக்கிறது, அனுமதி இலவசம். டொனிகால் மாவட்டத்தின் ஃபின்டவுனிலிருந்து 1943இல் வந்து சேர்ந்த ஒரு டர்னிப் விளக்கின் வார்ப்பு நகலை அங்கே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். குழி விழுந்த கண்ணும் உடைந்த பல்லுமாக, சுருங்கிப்போன மனிதத் தலை போலவே இருக்கும். சிரிக்கும் பறங்கிக்குப் பழகிய குழந்தைகள் அதன் முன்னால் பேச்சு மூச்சில்லாமல் நிற்பார்கள். நானும் ஒரு முறை டர்னிப்பைக் குடைந்து பார்த்தேன். மரத்தைக் குடைவது போன்ற வேலை. இரண்டு கரண்டிகள் வளைந்தன. விளக்கை ஏற்றியதும், வெந்த முட்டைக்கோஸ் அடிப்பிடித்தது போல ஒரு வாடை வீடெங்கும் பரவியது.

1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் வந்தபோது, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். போனவர்கள் சௌவின் இரவையும் கொண்டுபோனார்கள். டர்னிப்புக்குப் பதிலாகக் குடைவதற்கு எளிதான பறங்கி கிடைத்தது. ஸ்காட்லாந்துக்காரர்களும் தங்கள் பங்குக்கு வேடமிட்டு வீடு வீடாகப் போகும் வழக்கத்தைக் கொண்டுபோயிருந்தார்கள். 'ட்ரிக் ஆர் ட்ரீட்' (மிட்டாய் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா) என்ற சொற்றொடர் பிறந்தது இங்கல்ல, வட அமெரிக்காவில். 1927இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்துச் செய்தி ஒன்றிலேயே அது அச்சில் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு முடிந்த பிறகு மிட்டாய் நிறுவனங்கள் அதைப் பெரிதாக்கின. பிறகு தொலைக்காட்சியில் ஏறி, பறங்கியோடும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டோடும் இந்தப் பண்டிகை தான் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தது. டப்ளினில் வளர்ந்த என் பக்கத்து வீட்டுப் பாட்டி, 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்று குழந்தைகள் கத்தும்போதெல்லாம் முகம் சுளிப்பார். "ஹெல்ப் த ஹாலோவீன் பார்ட்டி" என்றுதான் அவர்கள் கேட்பார்களாம். வேடம் என்பது அப்பாவின் பழைய கோட்டும் முகத்தில் கரியும்தான். கிடைத்தது மிட்டாயும் அல்ல. ஆப்பிளும் தோலோடு வறுத்த வேர்க்கடலையும். இப்போதும் அக்டோபரில் எல்லாக் கடைகளிலும் வேர்க்கடலை மூட்டையாக வரும். ஊரில் சாயங்காலம் பொட்டலம் கட்டி வாங்கித் தின்ற அதே சரக்கைப் பேய்ப் பண்டிகைக்கென்று விற்கிறார்களே என்று உங்களுக்கும் சிரிப்பு வரும்.

கடையில் பிராக் என்னும் ரொட்டியையும் பார்ப்பீர்கள். உலர்ந்த திராட்சையைத் தேநீரில் ஊறவைத்துச் செய்கிற, லேசாக இனிக்கும் ரொட்டி. உள்ளே ஒரு மோதிரம் இருக்கும். முற்காலத்தில் மோதிரத்தோடு காசு, கந்தல் துணி, குச்சி, பட்டாணி ஆகியவற்றையும் மாவில் புதைத்துச் சுடுவார்கள். மோதிரம் யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஓராண்டுக்குள் கல்யாணம், காசு வந்தால் பணம், கந்தல் வந்தால் வறுமை, குச்சி வந்தால் சண்டை பிடிக்கும் துணை, பட்டாணி வந்தால் அந்த ஆண்டு கல்யாணம் இல்லை. எங்கள் இரண்டாம் ஆண்டில் அந்தப் பாட்டி ஒரு பிராக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கணவர் முதல் துண்டிலேயே மோதிரத்தைக் கடித்து, அரிசியில் கல் கடித்தவர் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விவரம் கேட்ட பாட்டி, "அப்படியானால் அவருக்கு இரண்டாவது கல்யாணம்தான்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்த சிரிப்பில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. உங்கள் மகளுக்குக் கொடுக்கும்போது துண்டைப் பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. பள்ளியின் மாறுவேட நாளுக்குப் பெரிய செலவு வேண்டாம். நன்கொடைப் பொருள் விற்கும் கடைகளில் சில யூரோவுக்கு உடை கிடைக்கும். என் மகளின் முதல் ஆண்டில், 'டிரெஸ் அப்' என்று கடிதத்தில் இருந்ததைப் பார்த்து, நல்ல உடை உடுத்தி வரச் சொல்கிறார்கள் என்று எண்ணி, பட்டுப் பாவாடை கட்டிப் பூ வைத்து அனுப்பிவிட்டேன். முப்பது சூனியக்காரிகளுக்கும் எலும்புக்கூடுகளுக்கும் நடுவில் அவள் நின்றாள். ஆசிரியை, "நீ எந்த நாட்டு இளவரசி?" என்று அன்போடு கேட்க, அவள் மாலையில் வந்து என்னோடு பேசவே இல்லை. மாறுவேடம் என்றால் மாறுவேடம்தான்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவதால், 31ஆம் தேதி மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். இருட்டத் தொடங்கியதும் சிறு குழந்தைகள் பெற்றோருடன் வருவார்கள், 8 மணிக்குப் பிறகு பதின்வயதினர் வருவார்கள். வாசல் விளக்கு எரிந்தாலோ ஒரு பூசணி இருந்தாலோ வரலாம் என்று பொருள். இரண்டும் இல்லாத வீட்டைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள். நடுத்தரமான குடியிருப்புக்கு எண்பது சிறு பொட்டலங்கள் போதும். ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டு ஜெலட்டின் இருக்கும். நீங்கள் சைவம் என்பதால் மகள் கொண்டுவருவதைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இங்கே அதிகம் என்பதால் வேர்க்கடலையை யாருக்கும் கொடுக்காமல் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மகளை அழைத்துக்கொண்டு நீங்களும் வெளியே போங்கள்; அவள் கதவைத் தட்டட்டும், நீங்கள் கேட்டருகே நில்லுங்கள். இந்த ஊரில் முன்னறிவிப்பின்றி ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது வழக்கமே இல்லை. ஆண்டில் அந்த மூன்று மணி நேரம் மட்டும் எல்லாக் கதவும் திறக்கும், திறப்பவர் உங்கள் பெயரையும் கேட்பார். நான் தெருவில் பத்து வீட்டாரை அறிந்துகொண்டது வேலையிலோ ஆலயத்திலோ அல்ல, அந்தக் கேட்டருகே நின்றுதான்.

தீபாவளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2024இல் இரண்டும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்று வந்தன. வாசலில் கோலம் போட்டு, அகல் விளக்குகளை வரிசையாக ஏற்றி, பக்கத்தில் பூசணியையும் வைத்தேன். முதலில் வந்த குழந்தைகளோடு வந்திருந்த எதிர்வீட்டுக்காரர், தயங்கித் தயங்கி, இந்த விளக்குகளைச் சற்று உயரத்தில் வைக்க முடியுமா என்று கேட்டார். எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அப்புறம்தான் தரை வரை புரண்ட அவர் மகளின் நைலான் அங்கியைப் பார்த்தேன். தீக்காயம் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டு எனக்கு அது தோன்றாமல் போனதற்கு வெட்கப்பட்டேன். விளக்குகள் சன்னலுக்கு ஏறின, பேட்டரி விளக்குகள் கோலத்துக்கு வந்தன. குழந்தைகளுக்கு மிட்டாயும் பெரியவர்களுக்கு முறுக்கும் கொடுத்தோம். கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போன ஒரு குட்டி எலும்புக்கூடு, இது எந்தப் பேயைத் தடுப்பதற்கு என்று கேட்டது.

பட்டாசு மட்டும் வேண்டாம். அயர்லாந்துக் குடியரசில் உரிமமின்றி வெடி வாங்குவதும் வைத்திருப்பதும் கொளுத்துவதும் குற்றம். அந்த வாரம் முழுவதும் எங்கோ வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து அனுமதி உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். வெற்றிடங்களில் மரப்பலகைகளை அடுக்கி எரிக்கும் கும்பல்களை விட்டு விலகி இருங்கள். இரவு நேரம் ஆக ஆகச் சன்னலில் முட்டை எறியும் பயல்களும் உண்டு. எல்லா வீட்டிலும் எறிவார்கள். ஆனால் நம் நிறத்தைப் பார்த்துத்தான் எறிந்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றினால், மனத்தில் போட்டுப் புழுங்காமல் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். டெர்ரி நகரத்து ஹாலோவீன் திருவிழா மிகப் பெரியது. ஆனால் அது வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன் அரசின் கீழ் வருவது. சாலையில் சோதனைச் சாவடி இல்லையென்றாலும், இந்தியக் கடவுச்சீட்டோடு நீங்கள் அங்கே போக பிரிட்டன் விசா வேண்டும்.

மாமியாரிடம் பேசும்போது கல்லறைத் திருநாளையும் திருஷ்டிப் பூசணியையும் சொல்லிப் பாருங்கள். என் அம்மாவுக்குப் புரிந்தது அவருக்கும் புரியும். மகளின் அளவைத் தெரிவித்தால், எங்கள் பரணில் கிடக்கும் சூனியக்காரி உடையையும் தொப்பியையும் அனுப்பிவைக்கிறேன். தொப்பியின் முனை மட்டும் சற்று வளைந்திருக்கும். பூசணியை 31ஆம் தேதிக்கு மூன்று நாள் முன்பு குடைந்தால் போதும், அதற்கு முன்பே குடைந்தால் மழையில் பூசணம் பிடித்துவிடும். தோண்டியெடுக்கும் சதையைக் கொட்டிவிடாதீர்கள். குடைவதற்கென்று விற்கும் காய் தண்ணீராகத்தான் இருக்கும், கூட்டுக்கு நிற்காது. புளியும் காரமும் தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தால் நன்றாகவே இருக்கும்.